ஆபரேஷன் முடிந்து படுத்தே இருக்கும் அம்மா, முதுகில் சிவப்பு: வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

குடியாத்தம் மகன்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 74 வயது. பங்குனி மாதம் பின்கட்டில் துவைக்கிற கல் பக்கத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். இடது இடுப்பில் எலும்பு உடைந்து, ஆபரேஷன் செய்து இடுப்பின் பந்துக் கிண்ண மூட்டில் பந்தை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து இன்றோடு 19 நாள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள், அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அனுப்பும்போது ஒரு காகிதமும் ஒரு பை மாத்திரையும்தான் கையில் கொடுத்தார்கள். எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, எப்போது உட்கார வைப்பது, யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

எனக்கு ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. காலை 7 மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு 8 ஆகும். மனைவி பீடி சுற்றிக்கொண்டே அம்மாவையும் பார்க்கிறாள். அம்மா நாள் முழுக்க மல்லாந்துதான் கிடக்கிறார். அசைத்தால் உள்ளே வைத்தது கழன்றுவிடுமோ என்று பயம்.

நேற்று உடம்பு துடைக்கும்போது மனைவி கூப்பிட்டுக் காட்டினாள். வால் எலும்பு இருக்கும் இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் சிவந்து கறுத்திருக்கிறது. தோல் கிழியவில்லை. அப்புறம், மூன்று நாளாக இரவில் பேச்சு மாறுகிறது. அப்பா இறந்து பத்து வருடம் ஆகிறது. அவரைக் கூப்பிட்டு, "பாவு அறுந்துபோச்சு, வந்து பாரு" என்கிறார். பாவு என்றால் தறியில் நீளமாக ஓடும் நூல். பகலில் தெளிவாகத்தான் இருக்கிறார். சோறு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறார். நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை. டயப்பர்தான் கட்டுகிறோம்.

அம்மா ஐம்பது வருடம் லுங்கித் தறிக்குத் தார், அதாவது ஊடை நூல் குழல், சுற்றியவர். சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வைகாசி 1 அன்று எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசு, அம்மன் தலை ஊர்வலமாகப் போகும் திருவிழா. "இந்த வருசம் நான் பாக்கமாட்டேன்டா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி வாசகர்:

அண்ணா, எங்கள் ஆயாவுக்கும் இப்படித்தான் இருந்தது. தண்ணீர் மெத்தை ஒன்று வாங்கிவிடுங்கள். சிவந்த இடத்தில் எண்ணெய் விட்டு நன்றாகத் தேய்த்து, மேலே பவுடர் நிறையப் போடுங்கள். இரவில் பேசுவது வயதானால் வருவதுதான். டாக்டரிடம் தூக்க மாத்திரை கேட்டு வாங்கினால் எல்லாரும் தூங்கலாம். தைரியமாக இருங்கள்.

கணியம்பாடி சிஸ்டர்:

தம்பி, முதலில் அம்மாவை இன்றைக்கோ நாளைக்கோ டாக்டரிடம் காட்டுங்கள். முதுகுச் சிவப்பை நாம் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், அவசரம் அந்த இரவுப் பேச்சுக்குத்தான். மூன்று நாளாகப் புதிதாக வந்த குழப்பத்தை வயது என்று விடக்கூடாது. சிறுநீரில் தொற்று, இரத்தத்தில் சோடியம் குறைவது, உடம்பில் நீர் வற்றுவது, மலம் கட்டிக்கொள்வது, சொல்லாமல் அடக்கி வைத்த வலி, ஒத்துக்கொள்ளாத மாத்திரை, இவற்றில் ஒன்றோ இரண்டோ காரணமாக இருக்கும். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தாலும் பல சமயம் காய்ச்சல் அடிக்காது. பேச்சு மாறும், சாப்பாடு குறையும், அவ்வளவுதான் வெளியே தெரியும். சிறுநீரும், இரத்தத்தில் சோடியமும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரைப் பையை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள், பழைய பி.பி. மாத்திரையையும் சேர்த்து. தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். மேலே சொன்னவர் நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் அது குழப்பத்தைக் கூட்டும். அந்த மயக்கத்தில் எழப் பார்த்தால் மறுபடி விழுவார்.

இன்னொன்று. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ யாரையும் கேட்டுக்கொண்டு இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். படுத்தே இருப்பவர்களுக்குக் காலில் இரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகிற ஆபத்து உண்டு.

சரி, முதுகுக்கு வருவோம். நான் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் 31 வருடம் வீடு வீடாகப் போன நர்ஸ். பெரியவர்களைப் பார்க்கப் போனால் முதலில் முதுகைத்தான் பார்ப்பேன், பி.பி. எல்லாம் அப்புறம். அந்த இடத்தை விரலால் மெதுவாக அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து மறுபடி சிவந்தால் இரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். வெளுக்காமல் அப்படியே இருந்தால் படுக்கைப்புண்ணின் முதல் நிலை. நம் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடக் கறுத்தோ ஊதா அடித்தோ இருக்கும். தொட்டால் சூடாக, கொஞ்சம் கெட்டியாகத் தெரியும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். உங்கள் மனைவி நாணயம் அளவில் இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டார். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், பெரிய காரியம் செய்திருக்கிறார். தோல் கிழிந்த பிறகு கூப்பிட்டவர்கள் வீட்டில் மாதக்கணக்கில் நான் கட்டுக் கட்டியிருக்கிறேன்.

அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். உள்ளே ஏற்கெனவே நசுங்கிய சதை அது, தேய்த்தால் இன்னும் கிழியும். பவுடர் வியர்வையில் கட்டியாகி உறுத்தும். டியூபில் காற்றடித்த வளையம், வெந்நீர்ப் பை இரண்டும் கூடாது. இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸ் வயதான நோயாளிகளின் படுக்கைப்புண்ணையே ஆராய்ந்து 1962-இல் ஒரு மதிப்பெண் அட்டவணை கொடுத்தார். உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், படுக்கையில் அசைவு, சிறுநீர் மலக் கட்டுப்பாடு என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை, மொத்தம் 20. 14-ஓ அதற்குக் கீழேயோ வந்தால் புண் வரும் என்று எடுத்துக்கொண்டு உஷாராகிவிட வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்து அம்மாவுக்குப் போட்டுப் பார்த்தேன், 10 வருகிறது. தோலில் எதைப் பூசுகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்புகிறோம் என்பதுதான் முக்கியம். காற்று மெத்தை கிடைத்தால் நல்லதுதான், ஆனால் மெத்தை வந்துவிட்டது என்று திருப்புவதை நிறுத்தினால் புண் வரும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்புங்கள். எப்படி என்றால், பழைய நூல் புடவை ஒன்றை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வருகிற மாதிரி அம்மாவுக்கு அடியில் விரித்து வையுங்கள். திருப்பும்போது அம்மாவின் கையையோ இடுப்பையோ பிடித்து இழுக்கக் கூடாது. இருவர் இரண்டு பக்கம் நின்று புடவையைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை கட்டாயம். ஆபரேஷன் செய்த கால் மற்ற காலைத் தாண்டி உள்பக்கம் போகவே கூடாது, அப்படிப் போனால் பந்து நழுவலாம். நீங்கள் பயப்படுவது அதற்குத்தான். கால் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் தைரியமாகத் திருப்பலாம். முழுக்க ஒருக்களிக்க வேண்டாம். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து, கொஞ்சமாகச் சாய்ந்த நிலை போதும். இடது பக்கம் சாய்க்கலாமா என்று நாளை டாக்டரிடமே கேளுங்கள். அதுவரை வலது பக்கம், கொஞ்ச நேரம் மல்லாந்து, அப்புறம் உட்கார்ந்து. மல்லாந்திருக்கும்போது கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி விடுங்கள். எல்லாரும் மறக்கிற இடம் குதிகால். அடியில் ரெக்சின் விரிப்பு போட்டிருந்தால் மேலே கட்டாயம் நூல் துணி வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் ரெக்சின் மேல் படுத்தால் முதுகு வெந்துபோகும்.

ஆனால் தம்பி, நீங்கள் எழுதியதில் என்னைத் தூங்கவிடாத வரி வேறு. தண்ணீர் கொடுத்தால் தலையை ஆட்டுகிறார் என்றீர்கள். ஏன் என்று அம்மாவைக் கேட்டீர்களா? நான் போன வீடுகளில் பத்தில் எட்டுப் பெரியவர்கள் என்னிடம் மட்டும் இதைச் சொன்னார்கள்: குடித்தால் டயப்பர் நனையும், நனைந்தால் மருமகள் மாற்ற வேண்டும், அதற்குக் கூச்சம். அதனால் நாக்கு ஒட்டிக்கொண்டாலும் குடிக்கமாட்டார்கள். அங்கிருந்துதான் எல்லாம் கிளம்பும். நீர் குறைந்தால் சிறுநீரில் தொற்று, மலச்சிக்கல், குழப்பம். குழம்பினால் சாப்பாடு இறங்காது, சாப்பிடாவிட்டால் தோல் ஆறாது. நீங்கள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, மனைவியும் இல்லாமல், அவருக்கு நெருங்கிய யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் சொல்வார்.

கூச்சத்துக்கு வழி டயப்பர் இல்லை, நேரம் பார்த்து உட்கார வைப்பதுதான். நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி வாங்குங்கள். உயரமாக இருக்க வேண்டும், உட்கார்ந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே வரக் கூடாது. குத்தவைத்து உட்காரும் கழிப்பறை அவருக்கு இனி வேண்டாம். காலையில் சூடாக ஏதாவது குடித்து அரை மணி நேரத்தில் உட்கார வைத்தால் வெளிக்கும் போவார். சுற்றி ஒரு புடவையைத் திரையாகக் கட்டிவிட்டு, காது கேட்கிற தூரத்தில் நில்லுங்கள். அந்தத் திரை சின்ன விஷயம் இல்லை தம்பி.

எழுப்பும்போது நேராக நிற்க வைக்காதீர்கள். கட்டில் ஓரத்தில் கால் இரண்டும் தரையில் படும்படி உட்கார வைத்து ஐந்து நிமிடம் காத்திருங்கள். படுத்தே இருந்தவர்களுக்கு எழுந்ததும் பி.பி. இறங்கித் தலை சுற்றும். ஊன்றி நிற்கலாமா, எவ்வளவு ஊன்றலாம் என்பதை நாளைக்கே டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். இந்த ஆபரேஷனே சீக்கிரம் எழுந்து நடக்கத்தான் செய்கிறார்கள். 19 நாள் படுக்க வைத்தது உங்கள் தப்பு இல்லை, சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. அனுப்புகிற அன்று பத்து நிமிடம் உட்கார்ந்து காட்டிக் கொடுத்திருந்தால் போதும். எனக்கு இதில் கோபம் உண்டு. வேலூரில் நர்ஸ் படிப்பு ஆரம்பித்தது 1909-இல், டாக்டர் படிப்பு வந்தது 1918-இல். 1946-இலேயே நர்சிங்குக்குப் பட்டப் படிப்பு தொடங்கிய ஊர் இது. இந்த ஊரைச் சுற்றியுள்ள வீடுகளில் இன்னும் இப்படி நடக்கக் கூடாது.

சாப்பாடு. வெறும் ரசஞ்சோறு தோலை ஆற்றாது. அம்மா 48 கிலோ இருப்பார் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வையுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, அப்போது கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கேழ்வரகுக் கூழில் தயிர் கலந்து, பருப்பு கடைந்து, வேர்க்கடலையை வறுத்துப் பொடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், முடிந்து அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் அரை டம்ளர் மோரோ தண்ணீரோ என்று சேர்த்துவிட்டால் தனியாக ஞாபகம் வைக்க வேண்டாம். சோடியம் குறைவு என்று வந்தால் மட்டும், தண்ணீர் எவ்வளவு என்று டாக்டர் சொல்கிறபடி.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் கொடுங்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வருவார்கள்.

ஒடுகத்தூர் மருமகள்:

சிஸ்டர் சொன்ன கூச்சம் நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் மாமியாரும் அப்படித்தான், சாயங்காலம் 4 மணிக்கு மேல் வாயில் சொட்டு வைக்கமாட்டார். கமோடு நாற்காலிக்குக் காசு இல்லாதபோது எங்கள் ஊர் தச்சர் பழைய மர நாற்காலியில் வட்டம் வெட்டிக் கொடுத்தார். விளிம்பில் சைக்கிள் டியூபைக் கிழித்து ஒட்டினோம், தொடையில் குத்தாது. கை வைக்கிற பிடி மட்டும் ஆடாமல் இருக்கிறதா என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.

அண்ணா, இன்னொன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இரவு 8 மணிக்கு வந்த பிறகு ஒரு தடவையாவது நீங்கள் திருப்புங்கள், நீங்கள் மாற்றுங்கள். அண்ணிக்கும் முதுகு வலிக்கும். எங்கள் வீட்டில் என் கணவர் முதல் நாள் கையே வைக்கமாட்டேன் என்றார். இரண்டாவது வாரம் அவர்தான் என்னைவிட நன்றாகச் செய்தார்.

குடியாத்தம் மகன்:

சிஸ்டர், ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். மறுநாளே லீவு போட்டு அழைத்துப் போனேன். சிறுநீரில் தொற்று, சோடியமும் குறைவு. முன்னாலிருந்தே சாப்பிட்ட பி.பி. மாத்திரையில் ஒன்று உப்பைக் குறைக்கிற வகையாம், டாக்டர் அதை நிறுத்தி வேறு கொடுத்தார். இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். இப்போது இரவில் அப்பாவைக் கூப்பிடுவதில்லை. நன்றாக ஊன்றலாம், வாக்கர் பிடித்து நடக்கலாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

பேரணாம்பட்டிலிருந்து அக்கா வந்தாள். அவளை விட்டுக் கேட்டேன். "தண்ணி குடிச்சா மாத்திகினே இருக்கணும். அவ பீடி சுத்துவாளா, எனக்கு மாத்திகினு கெடப்பாளா? கணக்கு கொறஞ்சா கூலியப் புடிச்சிக்கிவான்" என்றாராம். மனைவி இதைக் கேட்டு அழுதுவிட்டாள். இரவு 9, 11 மணித் திருப்பலும் விடியற்காலை 5 மணியும் இப்போது என் பொறுப்பு. முதல் நாள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் எதுவும் பேசவில்லை. மூன்றாவது நாள், "தலகாணிய இன்னும் கீழ தள்ளுடா" என்று அவரே சொன்னார்.

கறுப்பு பெரிதாகவில்லை, சூடு குறைந்திருக்கிறது. ஆனால் உட்கார வைத்தால் பத்து நிமிடத்தில் படுக்கிறேன் என்கிறார். என்ன செய்வது?

கணியம்பாடி சிஸ்டர்:

ஏன் உட்கார வேண்டும் என்பதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டாமா தம்பி? ராட்டை இன்னும் வீட்டில் இருக்கிறதா? தரையில் வேண்டாம். உறுதியான மேசையில், அவர் குனியாமல் கை எட்டுகிற உயரத்தில் வையுங்கள். நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்தி உட்கார வையுங்கள், கால் மேல் கால் போடக் கூடாது. நூல் சிட்டம் ஒன்றைக் கொடுங்கள். முதலில் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், உட்கார்ந்திருந்தாலும் அந்த இடம் அழுந்தும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்பக்கம் லேசாகச் சாய்ந்து எடையை மாற்றச் சொல்லுங்கள்.

விழுந்த இடத்தையும் பாருங்கள். துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசியைச் சுரண்டி, சிமெண்டைக் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள். கட்டிலிலிருந்து பின்கட்டு வரை இரவில் எரிகிற ஒரு சின்ன பல்பு. மூக்குக் கண்ணாடியின் பவரை மாற்றி எத்தனை வருடம் ஆகிறது என்றும் கேளுங்கள்.

குடியாத்தம் மகன்:

இன்று வைகாசி 1. எங்கள் தெரு முனையில்தான் சிரசு போகும். விடியற்காலையிலேயே அம்மா எழுந்து தலை வாரச் சொன்னார். வாக்கரைப் பிடித்துத் திண்ணை வரை அவரே நடந்தார், 14 அடி, நான் பின்னால் அவர் இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். அங்கிருந்து நானும் மச்சானும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய், கூட்டம் இடிக்காமல் ஒரு கடை வாசலில் வைத்தோம். தேங்காய்ச் சில்லு பறந்துகொண்டே இருந்தது, மனைவி குடையை முன்னால் பிடித்துக்கொண்டாள். சிரசு கண்ணுக்கு முன்னால் போனபோது அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். இத்தனை நாள் இடது கை அவ்வளவு உயரம் போகாது என்று நினைத்திருந்தோம்.

நேற்று 11 தார் சுற்றினார். முதுகில் இப்போது லேசான நிழல் மாதிரிதான் தெரிகிறது. இரவில் டயப்பர் கட்டி மூன்று நாள் ஆகிறது.

கணியம்பாடி சிஸ்டர்:

இதை என் வீட்டுக்காரருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன் தம்பி. அம்மா ரொம்ப நேரம் நாற்காலியில் இருந்திருக்கிறார், அலைச்சலும் வெயிலும் வேறு. இப்போதே மோர் கொடுத்து, வலது பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். படுக்க வைக்கும்போது முதுகையும் குதிகால் இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.